போட்டி ரோபோவின் சக்கரம்: பிடிக்கும் பக்கமும் வழுக்கும் பக்கமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ரோபோவுக்குச் சக்கரம் வாங்க முடியாது. டிராக்டருக்கு வாங்கலாம், செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டிக்கு வாங்கலாம், மோட்டார் சைக்கிளுக்கு என்றால் பழையது, புதியது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று மூன்று விலையில் கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் விட்டத்தில், அறுகோண அச்சில் பொருந்துகிற சக்கரம் வேண்டுமென்றால் இணையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போட்டி அதுவரை காத்திருப்பதில்லை. அதனால் இங்குள்ள இடைநிலைப்பள்ளிக் குழுப் பிள்ளைகள், கையில் இருக்கும் சக்கரத்தையே வெட்டியும் சுற்றியும் ஒட்டியும் மாற்றப் பழகிக்கொண்டார்கள். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். என் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள். லேத் தெரிந்த மாமா ஒருவர் கிடைத்தார் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நிரல் எழுதுவது அவர்கள் வேலை. தரையைத் தொடும் எதுவும் என் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

ஆடுகளம் இப்படி: ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உள்ள நுரைப்பாய்த் துண்டுகள் 36, ஆறுக்கு ஆறாகக் கோத்திருக்கும். பக்கத்துக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். ரோபோ தொடக்கத்தில் எல்லாப் பக்கமும் 18 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். எதிரணி ரோபோக்களும் அதே களத்தில் ஓடும். முட்டுவதும் தள்ளுவதும் நடக்கும். எங்கள் ரோபோவில் இருந்தவை விளிம்பில் மெல்லிய கெட்டி ரப்பர் பூசிய பிளாஸ்டிக் சக்கரங்கள். யாராவது மோதினால் எங்கள் ரோபோ மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. சக்கரம் சுற்றும், உடல் பின்னால் போகும்.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இன்னும் நன்றாகப் பிடிக்கும் ரப்பரைப் போடு. பிள்ளைகளும் சைக்கிள் டியூபை வெட்டி நான்கு சக்கரத்திலும் சுற்றினார்கள். நேராக ஓடும்போது அருமை. இரண்டு பேர் கையால் தடுத்தும் நிறுத்த முடியவில்லை. ஆனால் நின்ற இடத்தில் திரும்பச் சொன்னால், ரோபோ தவளை மாதிரி எம்பி எம்பிக் குதித்தது. மூன்றாவது குதியில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மின்னழுத்தம் சரிந்து, பெட்டி தானே நின்று மீண்டும் தொடங்கிவிட்டது. போட்டியின் நடுவில் இது நடந்தால் சில விநாடிகள் ரோபோ பிணமாகக் கிடக்கும்.

காரணம் எளிது. காரைப் போல முன்சக்கரத்தை ஒடித்துத் திருப்பும் ஏற்பாடு இந்த ரோபோக்களில் இல்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னும் மறுபக்கச் சக்கரங்கள் பின்னும் சுற்றுவதால்தான் உடல் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது நான்கு மூலைச் சக்கரங்களும் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தே ஆக வேண்டும். முன்னோக்கி எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு பக்கவாட்டிலும் பிடிக்கும் ரப்பரைப் போட்டால், திருப்புகிற விசையும் திரும்பவிடாத விசையும் மல்லுக்கு நிற்கும். எளிய கணக்காகச் சொன்னால், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், முன் பின் அச்சுகளுக்கு இடையிலான நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால் ரோபோ நன்றாகத் திரும்பும். குறைவாக இருந்தால் திணறும். எங்களுடையது நீளமான உடம்பு. நடுவில் பொருள் அள்ளும் பொறி இருந்ததால் சக்கரங்களை உள்ளே இழுக்க வழியில்லை.

எனவே சக்கரத்தை மாற்ற உட்காரும்போது ‘எவ்வளவு பிடிக்க வேண்டும்’ என்று கேட்பதற்கு முன், ‘எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் வழுக்க வேண்டும்’ என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் இதைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தார்கள். யாரோ அதன் கீழே தவளைப் படமும் வரைந்துவிட்டார்கள்.

மோட்டார் கணக்கையும் அப்போதே போட்டுப் பார்த்தோம். ரோபோவின் எடை 12 கிலோ. ஒரு சக்கரத்தின் மேல் 3 கிலோ. உராய்வுக் கெழு, அதாவது வழுக்காமல் தள்ளக்கூடிய விசைக்கும் மேலே அழுத்தும் எடைக்கும் உள்ள விகிதம், 1 என்று வைத்தால், வழுக்குவதற்கு முன் அந்தச் சக்கரம் தரையை 3 கிலோ விசையுடன் தள்ளும். ஆரம் 5 சென்டிமீட்டர். அப்படியானால் மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்கு விசை 15 கிலோ-செ.மீ. எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 312 சுற்று ஓடும் 12 வோல்ட் வகை. அசையவிடாமல் பிடித்தால் ஏறத்தாழ 24 கிலோ-செ.மீ. முறுக்கும், 9.2 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் முறுக்கு விசையோடு நேர்விகிதத்தில் ஏறுவதால் 15 கிலோ-செ.மீ.க்கு ஆறு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. நான்கு மோட்டாருக்கும் சேர்த்து ஏறத்தாழ 23. மின்கலத்தில் இருக்கும் ஃபியூஸோ 20 ஆம்பியர். பழைய சக்கரத்தின் உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால், வழுக்குவதற்கு முன் 12 ஆம்பியர்தான் ஆகியிருக்கும். பழைய சக்கரம் வழுக்கியதால்தான் மோட்டார் இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. ரப்பரை மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் தீர்வு: பின் இரண்டு சக்கரத்துக்கு டியூப் ரப்பர், முன் இரண்டுக்கு ஒம்னி சக்கரம். ஒம்னி என்பது விளிம்பைச் சுற்றிச் சிறு உருளைகள் குறுக்காகப் பதித்த சக்கரம். முன்னோக்கித் தள்ளும்போது சாதாரணச் சக்கரம்; பக்கவாட்டில் உருளைகள் உருண்டுவிடும், தடையில்லை. இப்படிப் போட்டால் ரோபோ பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் புள்ளியை மையமாகக் கொண்டு சுழலும். மூக்கு பெரிய வட்டம் போடும் என்பதை ஓட்டுகிற பிள்ளை பழகிக்கொள்ள வேண்டும். மின்கலத்தைப் பின்பக்கம் நகர்த்தினோம். தள்ளும் விசை ரப்பரைப் போலவே அதன் மேல் அழுத்தும் எடையையும் பொறுத்தது. மின்னோட்டம் கணக்கில் 20 அளவில் வந்து நின்றது. ஃபியூஸ் கொஞ்ச நேரம் அதைத் தாங்கும். குறை ஒன்று உண்டு. பக்கத்திலிருந்து மூக்கில் மோதினால் ரோபோ சட்டென்று சுழன்றுவிடும். மூலைகளில் ஒம்னி, நடுவில் ரப்பர் என்று ஆறு சக்கரம் போட்டால் சுழற்சி மையம் நடுவுக்கு வரும். எங்களுக்கு அதற்கு இடமில்லை.

ஆறும் ரப்பராகவே போட்டு, நடுச் சக்கரத்தை மட்டும் 3 மில்லிமீட்டர் கீழே இறக்குகிற முறையும் இருக்கிறது. எந்த நேரத்திலும் நான்குதான் தரையைத் தொடும் என்பதால் திரும்புவது எளிது. ஆனால் அந்த 3 மில்லிமீட்டர் சிமென்ட் தரையில் போட்ட கணக்கு. நுரைப்பாயில் சக்கரம் அமுங்கும்போது அந்த இறக்கம் காணாமல் போய், ஆறும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பள்ளி மண்டபத்தில் நன்றாகத் திரும்பிய ரோபோ களத்தில் திணறுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். குழந்தைகள் விளையாடும் நுரைப்பாய் சந்தையிலேயே கிடைக்கிறது. நான்கு துண்டு வாங்கிப் போட்டு அதன் மேல் சோதியுங்கள்.

இனி ரப்பர். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ரப்பரைத் தேடுவது வேடிக்கைதான். பக்கத்துக் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த முதல் கன்றுகளின் காலத்து ரப்பர் மரம் ஒன்று இன்றும் வேலி கட்டி நிற்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கப் பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. ஆனாலும் சிறுதோட்டக்காரர்கள் சிலர் இன்னும் பால் வெட்டுகிறார்கள். குழுவில் ஒரு பையனின் பாட்டி அவர்களில் ஒருவர். ‘மரத்துப் பாலையே சக்கரத்தில் பூசிக் காயவைத்தால் என்ன’ என்று பையன் கேட்டான். பாட்டி சிரித்தார். “பூசு ராசா. காலையில் பார், சக்கரத்தில் ஊர்த்தூசி எல்லாம் ஒட்டியிருக்கும். மத்தியான வெயிலில் அதுவே இளகிவிடும்.”

சரியாகச் சொன்னார். வெறும் பால் காய்ந்தால் வருவது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர். வெப்பத்தில் பிசுபிசுக்கும், இழுத்தால் இழுத்தபடியே நிற்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்க்கும்வரை உலகம் முழுக்க ரப்பர் சாமான்களுக்கு இந்தச் சீக்கு இருந்தது. முன்கூட்டியே பதப்படுத்திய திரவ ரப்பர் புட்டியில் விற்கிறார்கள். மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசினால் நல்ல பிடிப்பு வரும். ஆனால் நுரைப்பாயில் பக்கவாட்டு உராய்வு பட்டதும் தோல் தோலாக உரிந்து வந்தது. மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருட்டிச் சக்கரத்தில் கட்டலாம் என்று இன்னொரு யோசனையும் வந்தது. ஒட்டுப்பாலின் வாடை தெரிந்தவர்கள் அறையில் நிறையப் பேர் இருந்ததால் அது அங்கேயே நின்றது.

சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். காற்று கசியாது என்பதற்காக அதைப் பயன்படுத்துகிறார்கள், பிடிப்புக்காக அல்ல. ஆனால் தேய்மானம் தாங்கும், விலையும் குறைவு, கடையில் ஒட்டுப் போட்டு வீசியதே போதும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். கெட்டி ரப்பர் நாள் பட வரும், வழுக்கும். ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 30, 40 என்றால் மென்மை. 60க்கு மேல் கெட்டி. அளவு அச்சிட்ட ரப்பர் தகடு கிடைத்தால் 40க்கும் 50க்கும் நடுவில் எடுங்கள். கிடைக்காவிட்டால் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்து உடனே எழுந்துவிட்டால் சரி.

எது எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பலகையில் நுரைப்பாயை ஒட்டி, சக்கரங்கள் சுற்றாதபடி கட்டிய ரோபோவை அதன் மேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். எந்த உயரத்தில் சறுக்கத் தொடங்குகிறதோ அந்த உயரத்தைத் தரைத் தூரத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு. உயரம் 50, தரையில் 100 என்றால் 0.5. இரண்டும் சமமானால் 1. ரோபோவைக் குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி தூக்கினால் பக்கவாட்டுப் பிடிப்பும் தெரிந்துவிடும். இந்த இரண்டாவது அளவைத்தான் பலரும் எடுப்பதில்லை. கீழே பிடிக்க ஆள் வேண்டும். சறுக்கினால் 12 கிலோ காலில் விழும்.

ஒட்டுவதில்தான் வேலை அதிகம். டியூபின் மேல்பரப்பில் ஒருவித வழுவழுப்பு இருக்கும். உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். இரண்டும் பசையின் எதிரி. உப்புத்தாளால் கறுப்பு மங்கும்வரை தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட வேண்டும். பிளாஸ்டிக் விளிம்பையும் அப்படியே. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் அழுத்திச் சேர்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. ஈரமாகச் சேர்த்த பசை உள்ளே காயாமல் கிடந்து, களத்தில் வெப்பம் ஏறியதும் வழுகும். சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடி போல் இறுகிவிடும். ரப்பர் வளைய வளைய அது நொறுங்கும். நைலான், பாலிபுரோப்பிலீன் சக்கரங்களில் எந்தப் பசையும் சரியாக நிற்காது. அவற்றுக்கு விளிம்பில் துளை போட்டுச் சிறு திருகுகளால் பிடிக்க வேண்டும். திருகின் தலை ரப்பருக்குள் அமுங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டினால் பாயைக் கிழிக்கும், நடுவரும் வெளியே அனுப்பிவிடுவார்.

பட்டையின் இரு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள். அந்த மேடு சுற்றுக்கு ஒரு முறை தரையில் இடிக்கும், முனையும் அங்கிருந்துதான் பிரியும். இரண்டு முனைகளையும் ஒரே சாய்வில் வெட்டி, நேருக்கு நேர் முட்ட வைத்தால் மேடும் இல்லை, எந்தத் திசையில் ஓடினாலும் பிரிவதும் குறைவு. பட்டையைச் சற்று இழுத்தபடி ஒட்டுங்கள். அதிகம் இழுத்தால் ஓரங்கள் சுருண்டு எழும். பசை ஒரு இரவு முழுக்க இறுக வேண்டும்.

ஒட்டிய பிறகு சக்கரத்தை லேத்திலோ துளைபோடும் இயந்திரத்திலோ பூட்டிச் சுற்றவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளை மெதுவாகத் தொட்டுக்கொடுப்பேன். ரப்பரைக் கத்தியால் கடைய முடியாது. அது ஒதுங்கி நெளியும், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேடு பள்ளம் போய்ச் சக்கரம் வட்டமாகும். அப்போதே இரண்டு ஓரங்களையும் உருட்டிவிடுவேன். கூர்மையான ஓரம்தான் திரும்பும்போது பாயைக் கவ்வுகிறது. ஓரம் உருண்டால் நேராகத் தள்ளும் விசையில் பெரிய இழப்பில்லை, திருப்பம் மட்டும் இலகுவாகிறது. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் தூள் மூக்கில் ஏறினால் இரவுச் சோற்றிலும் அதே மணம்தான்.

அச்சில் பூட்டும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வட்ட அச்சில் கிரப் ஸ்க்ரூவை, அதாவது பக்கத்திலிருந்து அச்சை அழுத்தும் தலையில்லாத் திருகை, மட்டும் நம்பிய சக்கரம் என்றைக்காவது அச்சை விட்டுத் தனியாகச் சுற்றும். பிடிப்பு கூடியதும் அந்த நாள் நெருங்கி வரும். அச்சை அரத்தால் ஒரு பக்கம் தட்டையாக்கி அதில் ஸ்க்ரூ உட்காரச் செய்யுங்கள், அல்லது அச்சை நெருக்கிப் பிடிக்கும் வகைச் சக்கரக் குடத்துக்கு மாறுங்கள். திருகு கழலாமல் இருக்க ஊற்றும் திரவம் உலோகத்துக்கு நல்லது; ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ரப்பர் சுற்றியதும் சக்கரத்தின் விட்டம் மாறிவிடுகிறது. 100 மில்லிமீட்டர் சக்கரத்தில் 1 மில்லிமீட்டர் ரப்பர் ஏறினால் விட்டம் 102. சுற்றளவு 314இலிருந்து 320 ஆகிறது. தானியங்கிப் பகுதியில் 3 மீட்டர் போகச் சொன்னால் 6 சென்டிமீட்டர் கூடப் போய் நிற்கும். பொருளை எடுக்கும் கை காற்றைப் பிடிக்கும். அதோடு, அளவுகோலில் வரும் விட்டம் உண்மையான விட்டம் அல்ல. எடை அழுத்தும்போது ரப்பரும் பாயும் அமுங்குகின்றன. முழு எடையுடன் ரோபோவைப் பாயில் வைத்து, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை தள்ளி, நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுங்கள். அந்த எண்ணை நிரலில் போடுங்கள். ரப்பர் தேயத் தேய அது குறையும் என்பதால் போட்டிக்கு முந்தைய நாள் மறுபடி எடுக்க வேண்டும். முன் ஒம்னியும் பின் ரப்பரும் ஒரே விட்டத்தில் இல்லாமல் ஒரே வேகத்தில் சுற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பின் சக்கரத்தை ஒம்னியின் அளவுக்குத் தேய்த்துக் கொண்டுவந்தேன். விட்டம் கூடினால் 18 அங்குலப் பெட்டியில் உயரம் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தூசி. எங்கள் ஊர்ச் செம்மண் தூசி எவ்வளவு நல்ல ரப்பரையும் வழுக்கப் பலகையாக்கிவிடும். ரோபோவை நடைபாதையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. பிசுபிசுப்பு ஏற்றும் தெளிப்பான்களைத் தொடாதீர்கள். பாயில் கறை விடும் எதையும் விதிகள் அனுமதிப்பதில்லை. ஒம்னியின் உருளைகளுக்குள் தலைமுடி சிக்கும். இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

இந்த ஆண்டு பிள்ளைகள் பணம் திரட்டி மெக்கானம் சக்கரம் வாங்கியிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த பெங்ட் இலோன் உருவாக்கியது. உருளைகள் 45 பாகைச் சாய்வில் இருக்கும். நான்கு சக்கரத்தையும் வெவ்வேறு திசையில் சுற்றவிட்டால் ரோபோ நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கும். பார்க்க அழகு. தள்ளுமுள்ளில் ரப்பர் சக்கரத்திடம் தோற்கும் என்று நான் சொல்லிவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை. மேலிருந்து பார்த்தால் உருளைகளின் சாய்வு நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்க வேண்டும். இடம் மாற்றிப் பூட்டினால் திரும்புவதோ பக்கவாட்டு நடையோ கெட்டுப்போகும். இதில் மாற்ற வேண்டியது ரப்பரை அல்ல, உருளைகளின் ஊசி அச்சுகளை. மலிவு வகையில் அவை இறுக்கமாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையின் பிசிறை எடுத்து, உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய நைலான் வளையம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு நான்கு மூலை எடையும் ஒன்றாக வர வேண்டும். ஒரு மூலை இலேசாக இருந்தால் நண்டு கோணலாக நடக்கும். ஒரு பக்கச் சட்டத் திருகுகளைத் தளர்த்தி, சமதளமான தரை ஓட்டின் மேல் வைத்து அழுத்தி, மறுபடி இறுக்கினால் சட்டத்தின் முறுக்கல் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை மின்கலத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். எடை பார்க்கும் தராசு காய்கறிக் கடைக்காரரிடம் இரவல் வாங்கியது. சனிக்கிழமைச் சந்தைக்கு முன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்னும் இரண்டு சக்கரம் கழற்றாமல் கிடக்கிறது.